குளத்துச் சேறும் வடதுருவத்து உறைமண்ணும்

கோடை முற்றிய நேரத்தில், பாதி வற்றிப்போன ஒரு குளத்தின் கரையில் நின்று பாருங்கள். காற்று வீசாது. நீர் அசையாமல் கிடக்கும். மீன்கூடத் துள்ளாது. ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீர்ப்பரப்பில் குமிழிகள் தோன்றி உடைந்துகொண்டே இருக்கும். நீண்ட கம்பு ஒன்றால் அடிச்சேற்றைக் கிளறிவிட்டால், குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே கிளம்பி வரும்.

திண்டுக்கல் பக்கத்து மாணவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. திண்டுக்கல் கோட்டைக்குளம், பழனி வையாபுரிக் குளம் என்று பெயர் பெற்றவை ஒருபுறம் இருக்க, இந்தச் சமவெளியில் ஊருக்கு ஒரு குளமோ கண்மாயோ உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, பங்குனி சித்திரையில் சேறு தெரிய வற்றுபவை பல.

அந்தக் குமிழிக்குள் இருப்பது என்ன? சாதாரணக் காற்றா? அப்படியானால் நீருக்கு அடியில் அது எப்படிப் போனது? இந்தச் சிறிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அது நம்மைக் கொடைக்கானலுக்கும், நீலகிரிக்கும், அங்கிருந்து பனி மூடிய சைபீரியாவுக்கும் அழைத்துச் செல்லும். வாருங்கள், போவோம்.

வோல்டா பிடித்த வாயு

இதே கேள்வி 1776ஆம் ஆண்டில் இத்தாலியில் ஒருவருக்குத் தோன்றியது. பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற வோல்டாதான் அவர். மஜ்ஜோரே என்னும் ஏரியின் ஓரத்தில் சேற்றைக் கிளறி, கிளம்பிய குமிழிகளை, நீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்த புட்டியில் சேகரித்தார். அந்த வாயு நீலச் சுடருடன் எரிந்தது. அதற்குச் 'சதுப்பு நில வாயு' என்று பெயர் வந்தது. இன்று நாம் மீத்தேன் என்கிறோம். ஒரு கரிம அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். அவ்வளவுதான் அதன் மூலக்கூறு.

சதுப்பு நிலங்களில் இரவில் தெரிவதாகச் சொல்லப்படும் 'கொள்ளிவாய்ப் பிசாசு'க்கும் இந்த வாயுவைத்தான் காரணமாகக் காட்டுவது வழக்கம்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். குளத்துச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வீசினால், 'மீத்தேன் வாடை' என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வேறொரு வாயுவினுடையது. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சேற்றுக்குள் நடப்பது என்ன?

குளத்தில் விழும் இலை, செத்த பாசி, ஆகாயத்தாமரை, மழைநீர் அடித்துவரும் சாணம், ஊர்ச் சாக்கடை எல்லாம் கடைசியில் அடியில் போய்ப் படிகின்றன. இவற்றில் உள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று வாழ்கின்றன. பிராணவாயு கிடைக்கும் இடத்தில் வேலை எளிது. நாம் உண்ட சோறு எரிந்து கரியமில வாயுவாக வெளியேறுவது போலவே, அங்கும் கரியமில வாயு உண்டாகிறது.

ஆனால் சேற்றுக்குள் பிராணவாயு ஏது? காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. போதாக்குறைக்கு, வெதுவெதுப்பான நீர் அதைக் குறைவாகவே கரைத்து வைத்துக்கொள்ளும். 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் 14.6 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும்; 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். ஆகவே சேற்றின் மேற்பரப்பிலேயே பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகிய பொருள்களைத் துணைகொண்டு காலம் தள்ளுகின்றன. அவையும் தீர்ந்த இடத்தில்தான் மீத்தேனை ஆக்கும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. பார்வைக்கு பாக்டீரியா போல் இருந்தாலும் இவை ஆர்க்கியா என்னும் தனி இனத்தைச் சேர்ந்தவை. பிராணவாயு இவற்றுக்கு நஞ்சு.

சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் இதுவேதான். அங்கே நாம் வேண்டுமென்றே காற்றுப் புகாமல் மூடிவைத்து வாயுவைப் பிடிக்கிறோம். குளத்தில் அது யாரும் கேட்காமலே நடக்கிறது.

கோடையில் ஏன் குமிழி அதிகம்?

மீத்தேன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். கரைந்த மீத்தேன் மெல்ல மேலே வரும்போது, பிராணவாயு உள்ள அடுக்கில் காத்திருக்கும் வேறுவகை பாக்டீரியாக்கள் அதில் பெரும் பகுதியைத் தின்றுவிடுகின்றன. குமிழியாகப் புறப்படும் மீத்தேனோ, சில விநாடிகளில் மேலே வந்து காற்றில் கலந்துவிடுகிறது. ஆழம் குறைந்த குளத்தில் அதைப் பிடிக்க யாருக்கும் நேரம் இல்லை.

பத்து மீட்டர் உயர நீர், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம் என்று படித்திருப்பீர்கள். குளம் இரண்டு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வற்றினால், சேற்றின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்பது பாயில் விதி. கரைந்த வாயு வெளியேறும் என்பது ஹென்றி விதி. இரண்டும் சேர்ந்து, சேற்றில் சிக்கியிருந்த வாயுவைக் குமிழிகளாகத் தள்ளிவிடுகின்றன. இதனோடு கோடை வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. முதலில் பார்த்த காட்சிக்கு இதுவே விளக்கம்.

வெப்பத்தைப் பிடிக்கும் மூலக்கூறு

போகட்டுமே, கொஞ்சம் வாயு காற்றில் கலந்தால் என்ன கெட்டுப்போகும்?

பகலில் சூரிய ஒளியால் சூடாகும் பூமி, அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் பிராணவாயுவும் இக்கதிர்களைத் தடுப்பதில்லை. அவற்றின் மூலக்கூறு, ஒரு சுருள்வில்லின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான இரண்டு குண்டுகளைக் கட்டியது போன்றது. அது எப்படி அதிர்ந்தாலும் அதன் மின்னூட்டச் சமநிலை மாறுவதில்லை. ஆகவே கதிர் அதை அசைக்க முடியாது. மீத்தேனும் கரியமில வாயுவும் அப்படியல்ல. அவை வளைந்தும் நெளிந்தும் அதிரும்போது மின்னூட்டச் சமநிலை குலைகிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் அது உயர எழுவதுபோல, தாளம் ஒத்த அகச்சிவப்புக் கதிரை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. மீத்தேன் உறிஞ்சுவது முக்கியமாக 7.7 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி. ஜான் டிண்டால் என்னும் விஞ்ஞானி 1859இல் தொடங்கிய சோதனைகளில், கரியமில வாயுவோடு சதுப்பு நில வாயுவும் வெப்பத்தைத் தடுப்பதைக் கண்டறிந்தார்.

எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தடுக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கை ஒட்டி வருகிறது. ஏன் இந்த வேறுபாடு? மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் தங்கும். கரியமில வாயுவின் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கும்.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன், காற்றில் 100 கோடி மூலக்கூறுகளுக்கு 700 சொச்சம் மீத்தேன் மூலக்கூறுகள் இருந்தன. இன்று 1,900க்கும் மேல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் நாட்டுக் குளங்களிலிருந்து எவ்வளவு வருகிறது? பன்னீர்செல்வம், நச்சிமுத்து, அருணாசலம், சுவீடன் நாட்டு பாஸ்ட்விகன் ஆகியோர் தென்னிந்தியாவில் ஏரி, குளம், ஆறு, கால்வாய், அணை, சுனை, திறந்த கிணறு என்று 45 நீர்நிலைகளில் அளந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தனை நீர்நிலைகளும் மீத்தேனை வெளியிட்டன. கிணறுகூட விலக்கு அல்ல! சராசரியாக ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு நாளைக்கு 7.8 மில்லிமோல்.

இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு மோல் மீத்தேனின் எடை 16 கிராம். ஆகவே 7.8 மில்லிமோல் என்பது ஏறத்தாழ 125 மில்லிகிராம். இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஹெக்டேர் குளத்தில் 10,000 சதுர மீட்டர். பெருக்கினால் நாளொன்றுக்கு 1¼ கிலோகிராம். உங்கள் வீட்டு சமையல் வாயு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோகிராம். அந்த எடையுள்ள மீத்தேனை இந்தச் சராசரிக் குளம் 11 நாட்களில் காற்றில் விட்டுவிடுகிறது.

ஆனால் சராசரியைக் கண்டு ஏமாறக்கூடாது. அந்த 45 நீர்நிலைகளில் மிகக் குறைந்த அளவு 0.01 மில்லிமோல், மிக அதிகம் 52.1. ஏறத்தாழ 5,000 மடங்கு வேறுபாடு! குளம் என்பதனாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. குளத்துக்குக் குளம் வேறுபடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாடு முழுவதற்குமாக அவர்கள் மதிப்பிட்டது, ஆண்டுக்கு 21 லட்சம் டன் மீத்தேனும், 2 கோடியே 20 லட்சம் டன் கரியமில வாயுவும். மீத்தேனை 25 மடங்காகக் கணக்கிட்டுக் கரியமில வாயுவாக மாற்றினால், மொத்தம் 7½ கோடி டன். இந்தியாவின் காடுகளும் மண்ணும் ஆண்டுதோறும் உறிஞ்சுவதாக மதிப்பிடப்பட்ட அளவில் இது 42 விழுக்காடு. வரவுப் பக்கத்தை எழுதிவிட்டுச் செலவை எழுதாமல் விட்டிருந்தோம் என்பதுதான் இதன் பொருள்.

இட்லி மாவும் கொடைக்கானலும்

இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு, சித்திரை மாதத்தில் விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். மார்கழியில் மெதுவாகத்தான் புளிக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் நாள் கணக்கில் அப்படியே இருக்கும். நுண்ணுயிர்களின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

சேற்று மீத்தேனும் அப்படித்தான். உலகின் பல பகுதிகளில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வெப்பநிலை 0 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயர்ந்தால் மீத்தேன் வெளியீடு ஏறத்தாழ 57 மடங்காகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கிட்டத்தட்ட 4 மடங்கு.

திண்டுக்கல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6½ டிகிரி குறையும் என்ற கணக்கில், கொடைக்கானலில் 12 டிகிரி குறைவு. ஒரே சேற்றை இரண்டு பங்காக்கி, ஒன்றை இங்கும் ஒன்றைக் கொடைக்கானலிலும் வைத்தால், இங்குள்ள சேறு அங்குள்ளதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு மீத்தேனைத் தரும் என்று கணக்குச் சொல்கிறது. பேருந்தில் மலை ஏறுகிறவர் ஒரு வகையில் வடக்கு நோக்கித்தான் பயணம் செய்கிறார்.

மக்காமல் சேர்ந்த கரிமம்

இன்னும் குளிரான, நீர் தேங்கிய இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? அங்கே செத்த செடிகள் முழுவதும் மக்கிப்போவதில்லை. புல்லும் வேரும் அரைகுறையாக மக்கி, ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேரும். இப்படிச் சேர்ந்த கறுத்த மண்ணுக்குப் பீட் என்று பெயர். நிலக்கரியின் முதற்படி இது. நம் நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் பீட் உண்டு. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகிய இந்திய விஞ்ஞானிகள் இதன் அடுக்குகளை ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் இங்கே எப்போது மழை மிகுந்தது, எப்போது வறண்டது என்பதை 1993இல் வெளியிட்டார்கள். அவ்வளவு காலத்துக் கரிமத்தை அந்தக் குளிரும் ஈரமும் காத்து வைத்திருக்கின்றன.

நீலகிரியில் இருப்பது கைப்பிடி அளவு. கனடா, ரஷ்யா, ஸ்காண்டிநேவியா ஆகிய வட நாடுகளில் இருப்பது மலையளவு. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் 3 விழுக்காடுதான். ஆனால் உலகிலுள்ள காட்டு மரங்கள் எல்லாவற்றிலும் உள்ளதைவிட அதிகமான கரிமம் அவற்றில் உள்ளது. அதற்கும் வடக்கே, ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண். அதில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இன்று காற்றில் உள்ள மொத்தக் கரிமத்தைப்போல் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இது மின்சாரம் தடைப்பட்ட குளிர்ப்பெட்டியின் கதை. வடதுருவப் பகுதி, 1979 முதல், உலகச் சராசரியைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வருகிறது. உறைமண் உருகினால் நிலம் அமிழ்ந்து பள்ளமாகிறது. பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாகிறது. ஏரியின் அடியில் பழைய கரிமம், பிராணவாயு இல்லாத சேறு. அப்புறம் என்ன? நம் குளத்தில் நடந்ததே அங்கும் நடக்கிறது.

கேட்டி வால்டர் என்னும் பெண் விஞ்ஞானியும் குழுவினரும் சைபீரிய ஏரிகளில், குளிர்காலப் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட குமிழிகளைக் கண்டு அளந்து, 2006இல் வெளியிட்டார்கள். அங்கே வெளிவரும் மீத்தேனில் 95 விழுக்காடு குமிழிகளாகவே வருகிறது. அதில் ஒரு பகுதியின் வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல்! 1974க்கும் 2000க்கும் இடையில் ஏரிகள் விரிந்ததால், அவர்கள் ஆராய்ந்த பகுதியில் வெளியீடு 58 விழுக்காடு கூடியிருந்தது. காட்டுத் தீயையும் சேர்த்துப் பார்த்தால், கரிமத்தைச் சேமித்துவந்த துந்திரப் பகுதி, இப்போது கரியமில வாயுவை வெளியிடும் பகுதியாக மாறிவிட்டது என்று அமெரிக்காவின் 2024ஆம் ஆண்டு வடதுருவ அறிக்கை கூறுகிறது.

சூடு கூடினால் வாயு கூடும். வாயு கூடினால் சூடு கூடும். இந்தச் சுழல் தொடங்கிய பிறகு, சைபீரியாவின் உறைமண்ணுக்கு யாரும் மூடி போட முடியாது.

அப்படியானால் குளங்களைத் தூர்த்துவிடலாமா?

கூடவே கூடாது! குளம் நிரம்பினால்தான் சுற்றிலும் உள்ள கிணறுகளில் நீர் ஊறும். மழை பொய்க்கும் இந்தச் சமவெளியில் குளம் இல்லாவிட்டால் குடியும் இல்லை, வெள்ளாமையும் இல்லை.

5,000 மடங்கு வேறுபாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மீத்தேன் உண்டாக மூன்று தேவை: மக்கக்கூடிய பொருள், பிராணவாயு இல்லாமை, வெப்பம். திண்டுக்கல்லின் வெயிலை நம்மால் குறைக்க முடியாது. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன.

சாக்கடையைச் சுத்திகரிக்காமல் குளத்தில் விடாதிருந்தால், சேற்றுக்குத் தீனி குறையும். ஆகாயத்தாமரை நீரை மூடினால் பிராணவாயு உள்ளே போகாது. செத்தால் அதுவே தீனியாகும். அதை அகற்றிக் கரையிலேயே குவிக்காமல் உரமாக்கலாம். சாணத்துடன் சேர்த்து எரிவாயுக் கலத்திலும் போடலாம். அங்கே பிடித்த மீத்தேனை அடுப்பில் எரித்தால் என்ன ஆகிறது? 16 கிராம் மீத்தேன் எரிந்து 44 கிராம் கரியமில வாயு தரும். அதாவது 1 கிலோவுக்கு 2¾ கிலோ. எரிக்காமல் விட்டால் அது 28 கிலோவுக்குச் சமம். பத்தில் ஒரு பங்காகச் சுமை குறைகிறது, சோறும் வெந்துவிடுகிறது.

நெல் வயலும் ஒரு குட்டிக் குளம்தான். எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால், இடையிடையே மண்ணுக்குள் பிராணவாயு புகுந்து மீத்தேனைத் தடுக்கிறது. மீத்தேன் பாதி வரைகூடக் குறைவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வாயு சற்றுக் கூடக்கூடும். ஆயினும் மொத்தக் கணக்கில் லாபமே. தண்ணீரும் மிச்சம்.

மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே காற்றில் தங்கும் என்று பார்த்தோம். அதுவே நமக்குள்ள நல்ல வாய்ப்பு. இன்று குறைத்தால், பள்ளியில் படிக்கும் நீங்கள் முப்பது வயதைத் தொடுவதற்குள் அதன் பலனைக் காண முடியும். சைபீரியாவின் உறைமண் உருகாமல் காப்பதில், அங்கே ஒருபோதும் போகப்போகாத நமக்கும் அந்த அளவுக்குப் பங்கு உண்டு.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளில் கால் பங்கு குளத்துச் சேறு போட்டு, கழுத்து வரை குளத்து நீரை ஊற்றுங்கள். இரண்டில் மட்டும் ஒரு பிடி நறுக்கிய இலையைச் சேருங்கள். வாய்களில் பலூனை இறுகக் கட்டுங்கள். இலை போட்டவற்றில் ஒன்றைக் குளிர்ப்பெட்டியிலும், மற்ற இரண்டை வெயில் நேரே படாத வெதுவெதுப்பான இடத்திலும் வையுங்கள். மூன்று நான்கு வாரம் தினமும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு. மீத்தேன் பின்னரே வரும். சேறு எடுக்கப் பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள், குளத்தில் இறங்காதீர்கள். பலூனின் அருகே நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. கடைசியில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. உங்கள் ஊர்க் குளத்தின் பரப்பு 4 ஹெக்டேர்; ஆண்டில் 6 மாதம் நீர் இருக்கும் என்று கொள்வோம். சராசரி அளவின்படி ஓராண்டில் எத்தனை கிலோகிராம் மீத்தேன் வெளியேறும்?

2. ஆழமான அணையைவிட ஆழம் குறைந்த குளத்திலிருந்து மீத்தேன் காற்றை அடைவது எளிது. ஏன்?

3. குளம் முழுவதும் வற்றிச் சேறு வெடித்துவிட்டால் மீத்தேன் நின்றுவிடுகிறது. அப்போது அதற்குப் பதிலாக வெளிவரும் வாயு எது?